நாற்றமெடுத்த சலவை இயந்திரம்: வெந்நீரா, பொடியா, மெக்கானிக்கா, புது மெஷினா?

சென்ற ஐப்பசி மழையின்போது, ஆறு ஆண்டுகளாக எங்கள் சென்னை வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரண்ட் லோடு சலவை இயந்திரம், துவைத்த துணிகளை எல்லாம் ஓர் ஈரவாடையோடு திருப்பித் தரத் தொடங்கியது. முதலில் மழையைத்தான் குறை சொன்னோம். கொடியில் இரண்டு நாள் கிடந்தும் காயாத துணி நாறுவதில் என்ன வியப்பு என்று இருந்துவிட்டோம். மார்கழி பிறந்து, வெயில் வந்து, துணிகள் அரை நாளில் மொறமொறவென்று காய்ந்த பிறகும் வாடை போகவில்லை. அதற்குப் பிறகுதான் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரலால் மடித்துப் பார்த்தேன். உள்மடிப்பில் கரும்புள்ளிகள் வரிசையாகப் படர்ந்திருந்தன. அவற்றுக்குக் கீழே, ஆறிய கஞ்சியின் மேலே படியும் ஆடை போன்ற சாம்பல் நிற வழுவழுப்பும், ஒரு தலைப்பின்னும், ஒரு ரூபாய் நாணயமும் கிடந்தன.

என்ன செய்யலாம் என்று கேட்ட இடத்திலெல்லாம் ஒரு யோசனை கிடைத்தது. எதிர்வீட்டு அக்கா வெறும் மெஷினை வெந்நீரில் ஓடவிடச் சொன்னார். கடைக்காரர் டிஸ்கேலிங் பவுடர் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அம்மா கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை நினைவூட்டினார். பழுது பார்க்க வந்தவர், “டிரம்மைக் கழற்றிக் கழுவினால்தான் மேடம் சரிப்படும்” என்றார். கணவரோ, இந்தச் சாக்கில் பழையதை மாற்றிவிட்டு டாப் லோடு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஒவ்வொரு யோசனையும் ஏதோ ஒரு வகை அழுக்குக்குச் சரியானதே. எந்த வகை அழுக்கு என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அதையே மருந்தாக நீட்டுவதில்தான் கோளாறு இருக்கிறது. ஆகவே, வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் மெஷினுக்குள் எது, எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

நாம் கையால் தொட்டுப் பார்க்கும் துளையிட்ட எஃகு டிரம் அநேகமாகச் சுத்தமாகவே இருக்கும். அதற்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாமல், தண்ணீரைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. துணியிலிருந்து கழன்ற தோல்துகள், உடம்பின் எண்ணெய்ப் பசை, பஞ்சு, கரையாத சோப்புத் தூள், துணிக்கு மணமும் மென்மையும் தரும் திரவத்தின் கொழுப்புப் பகுதி ஆகிய அனைத்தும் அந்தத் தொட்டியின் சுவரிலும், டிரம்மின் முதுகைத் தாங்கும் மூன்று கை கொண்ட அலுமினியத் தாங்கியிலும், வடிகுழாயின் மடிப்புகளிலும்தான் போய்ப் படிகின்றன. இந்தப் படிவின் மேல் பாக்டீரியாக்கள் குடியேறி, தாமே சுரக்கும் பசைக்குள் புதைந்து வாழ்கின்றன. உயிரிப்படலம் என்று அறிவியல் சொல்லும் அந்த வழுவழுப்பான போர்வை இருக்கும்வரை, மேலே ஊற்றும் மருந்து மேல்தட்டை மட்டும் கொன்றுவிட்டு அடியில் இருப்பவற்றை விட்டுவிடும். அவை சில வாரங்களில் மறுபடி படர்ந்துவிடும். காற்றுப் படும் ஈரமான இடங்களில், அதாவது ரப்பர் மடிப்பிலும் பவுடர் போடும் டிராயரின் கூரையிலும், பூஞ்சை கருப்பாக வளர்கிறது. ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் வீடுகளில் புழங்கும் 70 சலவை இயந்திரங்களின் ரப்பர் வளையத்தையும் டிராயரையும் துடைத்தெடுத்துச் சோதித்து 2015-இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றில் 79 விழுக்காட்டில் பூஞ்சை இருந்ததாகச் சொல்கிறார்கள். பூஞ்சை இருப்பது நம் வீட்டின் அசுத்தத்துக்குச் சாட்சி என்று யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை.

துணியின் அந்த ஈரவாடைக்கு உரியவர் பெரும்பாலும் வேறொருவர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல், மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா துணியில் தங்கியிருக்கும் வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் தின்று ஒரு வகைக் கொழுப்பு அமிலத்தை வெளியிடுவதே அந்த வாடைக்கு முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறொரு செய்தி: இந்தப் பாக்டீரியா உலர்ந்த நிலையையும் புற ஊதாக் கதிரையும் மற்ற பலவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. வெயிலில் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். காய்ந்தபோது மணமாக இருந்த பனியன், உடுத்தி ஒரு மணி நேரம் வியர்த்ததும் திரும்பவும் நாறுவதன் விளக்கம் இதில் இருக்கிறது.

இவை இரண்டோடு நம் ஊருக்கென்று மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது: உப்புத் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் கலந்து வரும் அடுக்குமாடி வீடுகளில், கால்சியமும் மக்னீசியமும் ஹீட்டர் கம்பியிலும் டிரம்மின் விளிம்பிலும் வெள்ளைப் பொருக்காகப் படிகின்றன. அந்தப் பொருக்கு உயிருள்ளது அல்ல, நாறுவதும் இல்லை. ஆனால் அதன் சொரசொரப்பான பரப்பு அழுக்குக்கு நல்ல பிடிமானமாகிவிடுகிறது. எண்ணெயில் செய்த சோப்புக் கட்டியைக் காலரில் தேய்த்து மெஷினில் போடும் பழக்கம் உள்ள வீடுகளில், அந்தச் சோப்பு உப்புத் தண்ணீரோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறி, அதுவும் தொட்டியில் போய் ஒட்டும். மூன்றையும் பிரித்தறிய ஒரு சிறு சோதனை போதும். வெள்ளையாகப் படிந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அது உப்புப் படிவு. நுரைக்காமல் விரலில் வழுக்கினால் பிசுக்கும் உயிரிப்படலமும். கருப்பாகப் புள்ளி வைத்திருந்தால் பூஞ்சை. எங்கள் மெஷினில் மூன்றும் இருந்தன.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

கடைகளில் ஐம்பதுக்கும் நூறுக்கும் கிடைக்கும் டிஸ்கேலிங் பவுடரைப் பற்றித்தான் மக்களிடையே பெரிய குழப்பம் இருக்கிறது. பெயரிலேயே சொல்லியிருப்பதுபோல, அது உப்புப் படிவைக் கரைக்கும் பொருள்; பல பாக்கெட்டுகளில் இருப்பது அமிலம், அதிலும் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் நிறுத்துத் தருவார்களே, அதுவே. ஹீட்டரில் பொருக்கு ஏறித் தண்ணீர் சூடாக நெடுநேரம் எடுக்கிறது என்றால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. பூஞ்சைக்கும் உயிரிப்படலத்துக்கும் மட்டும் இதை நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பொருக்கு கரைவதால் அதன்மேல் ஒட்டியிருந்த அழுக்கில் ஒரு பகுதி உதிர்ந்து, ஒரு வாரம் வாடை குறைந்ததுபோலத் தோன்றும். கொழுப்புப் பசையை அமிலம் கரைப்பதில்லை என்பதால் வாடை திரும்பி வந்துவிடும். மாதந்தோறும் பாக்கெட் போட்டும் நாற்றம் போகவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பாக்கெட்டைக் குறை சொல்வதற்கில்லை. தலைவலிக்கு வாங்கிய மாத்திரையைச் சேற்றுப்புண்ணுக்குப் போட்டால் அது என்ன செய்யும்? வினிகரும் அமிலமே, அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல. வினிகரையும் ஆப்பச்சோடாவையும் சேர்த்துப் போடச் சொல்லும் குறிப்பு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. இரண்டும் சேர்ந்ததும் பொங்கும் நுரை கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும், அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்பு கலந்த தண்ணீர்தான்.

அம்மா சொன்ன பிளீச்சிங் பவுடர் கிருமிகளைக் கொல்லும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் அதை மெஷினுக்குள் போட நான் சம்மதிக்கமாட்டேன், ஏனென்றால் அதில் குளோரினோடு சுண்ணாம்பும் கணிசமாக இருக்கிறது. கிணற்றில் அந்தச் சுண்ணாம்பு அடியில் போய்த் தங்கிவிடும், மெஷினிலோ பம்ப்பிலும் குழாயிலும்தான் தங்கும். திரவமாகக் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் பிளீச்சில் இந்தச் சிக்கல் இல்லை. ரப்பர் மடிப்பில் இருக்கும் பூஞ்சைக்கு, அந்தத் திரவத்தைப் பாட்டில் சொல்லும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து, பழைய துணியை அதில் நனைத்து மடிப்புக்குள் அரை மணி நேரம் திணித்து வைப்பதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். பூஞ்சை செத்த பிறகும், ரப்பருக்குள் ஊறிப்போன கருங்கறை சில இடங்களில் அப்படியே இருக்கும். அதைக் கண்டு மறுபடி மறுபடி பிளீச்சைப் போட்டு ரப்பரைக் கெடுக்க வேண்டாம்.

மெஷின் முழுவதையும் பிளீச்சால் கழுவுவது வேறு கணக்கு. கொழுப்புப் பசை நிறைந்த இடத்தில் குளோரினின் வலிமையில் பெரும்பகுதி அந்தப் பசையோடு மோதியே செலவழிந்துவிடுகிறது. வெந்நீரில் அது சிதைந்துவிடுவதால் சூட்டின் துணையையும் அதற்குத் தர முடியாது. அடிக்கடி போட்டால் எஃகிலும் அலுமினியத் தாங்கியிலும் அரிப்பு உண்டாகும். இவற்றுக்கெல்லாம் மேலான ஆபத்து ஒன்று இருக்கிறது: பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளியேறும். டிஸ்கேலிங் பவுடர் போட்ட சுழற்சி முடியும் முன்பே, அல்லது அதே நாளில் சரியாக அலசாமல், பிளீச்சை ஊற்றுவது விளையாட்டல்ல. கழிப்பறை கழுவும் அமிலத்தை மெஷினில் ஊற்றிப் பார்த்த வீடுகளும் இருக்கின்றன என்று மெக்கானிக் சொன்னார். அந்த அமிலத்தை மெஷினில் ஊற்றுவதே தவறு, அதோடு பிளீச்சும் சேர்ந்தால் அந்த அறையில் மூச்சுவிட முடியாது.

எதிர்வீட்டு அக்கா சொன்ன வெந்நீர் வழிக்குப் பொருள் வாங்கும் செலவே இல்லை. துணி எதுவும் போடாமல், உயர்ந்தபட்ச வெப்பநிலையில், மெஷினில் இருந்தால் டப் கிளீன் என்ற பொத்தானை அழுத்தி ஓடவிடுவதுதான் அது. மின்சாரக் கட்டணம் எகிறிவிடுமோ என்று தயங்குபவர்களுக்காக ஒரு கணக்கு: 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேலேயும், 90 டிகிரிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலேயும் ஆகும், தொட்டியும் டிரம்மும் குடிக்கும் சூட்டையும் மோட்டாரையும் சேர்த்தாலும், மாதம் ஒருமுறை ஓடவிட இரண்டு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 60 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நெடுநேரம் இருந்தால் துணியில் வழக்கமாகக் காணும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை, கொழுப்பும் இளகுகிறது. ஆனால் இளகிய கொழுப்பைப் பிரித்து எடுத்துச்செல்ல ஏதாவது ஒன்று வேண்டும். வெறும் வெந்நீர் அதை ஓரிடத்திலிருந்து இளக்கி இன்னோர் இடத்தில் உறையவிடுவதும் உண்டு. உப்புத் தண்ணீரைச் சூடாக்கும்போது ஹீட்டரில் பொருக்கு படிவதும் கூடுகிறது என்பதால், உப்பு மிகுந்த வீடுகளில் வெந்நீர் வழியை மட்டுமே பிடித்துக்கொள்வதும் சரியல்ல.

என் பார்வையில் இவை அனைத்திலும் மேலானது, அந்த வெந்நீரோடு சோடியம் பெர்கார்பனேட் என்னும் ஆக்ஸிஜன் பிளீச்சைச் சேர்ப்பது. அது தண்ணீரில் கரைந்ததும் சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. சோடாவின் காரம் கொழுப்புப் பசையைப் பிடித்துக் கழற்ற, பெராக்சைடு உயிரிப்படலத்தின் பசையைச் சிதைத்துக் கிருமிகளைக் கொல்கிறது, இரண்டு வேலைக்கும் சூடு துணைநிற்கிறது. குளிர்ந்த தண்ணீரில் இதைப் போடுவது ஏறக்குறைய வீண்; 60 டிகிரி இருந்தால்தான் அது முழு வேகத்தோடு வேலை செய்யும். உண்மையில் இது நமக்குப் புதிதான யோசனையே அல்ல. சலவைத் தொழிலாளர்கள் துணியை உவர்மண்ணில் முக்கி, பானையில் அடுக்கி, இரவெல்லாம் வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண்ணின் காரமும் நீராவியின் சூடும் சேர்ந்து அழுக்கையும் வாடையையும் எடுத்தன. நாம் மெஷின் வாங்கியதும் வெள்ளாவியை விட்டுவிட்டோம், அதற்குப் பதிலாகத் தண்ணீரைச் சூடாக்கும் பொத்தானையும் கரண்டுக்குப் பயந்து தொடுவதில்லை. ஐரோப்பாவில் நடந்ததும் இதற்கு நெருக்கமானதே: மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒவ்வொரு வீட்டுச் சலவை இயந்திரத்திலும் 20 டிகிரிச் சுழற்சி ஒன்று இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டாயம் 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சூட்டைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகிறது, ஆனால் கிருமிகளுக்கு இருந்த தடைகளில் ஒன்று விலகுகிறது.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். துணிக்கறை நீக்கும் பொடிகளில் சிலவற்றில் பெர்கார்பனேட்டின் பங்கு குறைவு என்பதால், பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்து வாங்க வேண்டும். இரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் தனியாகவும் கிடைக்கும். காற்றுப் புகாமல் இறுக்கி மூடிய கண்ணாடிப் புட்டியில் வைக்கக் கூடாது, ஈரம் பட்டால் ஆக்ஸிஜனை வெளியிட்டுக் கொண்டேயிருக்கும். காரம் மிகுந்த சூடான கரைசல் அலுமினியத்தை மெல்ல அரிக்கும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியதை வாரந்தோறும் போடும் ஆர்வக் கோளாறும் வேண்டாம். உப்புப் படிவை இது கரைக்காது. இந்தக் கடைசிக் குறையால்தான் வரிசை முக்கியமாகிறது: முதலில் எலுமிச்சை உப்புப் போட்டு ஒரு சுழற்சி, வெறும் தண்ணீரில் ஒரு முழு அலசல், மறுநாள் பெர்கார்பனேட் போட்டு 60 டிகிரியில் நீண்ட சுழற்சி. மேல்பொருக்கு போனால்தான் அடியில் உள்ள பிசுக்குக்குக் காரம் எட்டும்.

டாப் லோடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியில் ஓர் இடைஞ்சல் உண்டு. அந்த வகை இயந்திரங்களில் பலவற்றுக்குத் தண்ணீரைச் சூடாக்கும் வசதி இல்லை. கீசரிலிருந்து வெந்நீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றி, பொடியைப் போட்டுச் சில நிமிடம் சுழலவிட்டு, பின் நிறுத்தி ஓரிரு மணி நேரம் ஊறவிட்டுத்தான் செய்ய வேண்டும். எவ்வளவு சூட்டைத் தொட்டி தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுப்பில் கொதிக்கக் கொதிக்க எடுத்து ஊற்றக் கூடாது. ஊறியபின் தண்ணீரின் மேல் கடற்பாசித் துண்டுகள் போல மிதந்து வரும் பழுப்புத் தோல்களைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அவற்றை வடிகட்டியால் அள்ளி வெளியே போட்டுவிட்டுத்தான் தண்ணீரை வடியவிட வேண்டும், இல்லையென்றால் வடிகுழாய் அடைத்துக்கொள்ளும்.

மெக்கானிக் சொன்ன டிரம் கழற்றும் வழி, அழுக்கை நேரில் பார்த்துத் தேய்த்து எடுக்கும் ஒரே வழி என்பதில் மறுப்பில்லை. டாப் லோடில் அது அவ்வளவு கடினமும் அல்ல; அடியில் சுழலும் தட்டைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றினாலே, அதன் அடியில் எத்தனை ஆண்டு அழுக்கு உறைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஃப்ரண்ட் லோடில் நிலைமை வேறு. கதவு, ரப்பர் வளையம், முன்பலகை, எடைக்கற்கள், மோட்டார், ஒயர்கள் என்று எல்லாவற்றையும் பிரித்த பிறகே வெளித்தொட்டிக்குப் போக முடியும். சில மாடல்களில் அந்தத் தொட்டியின் இரு பாதிகளையும் தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டிவிடுகிறார்கள், அதைத் திறக்க வேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும். நன்றாக ஓடும் மெஷினைப் பிரித்துச் சேர்த்தபின் தண்ணீர் ஒழுகத் தொடங்குவதும், சுழலும்போது சத்தம் போடத் தொடங்குவதும் நடக்கக்கூடியவை. எனவே டிரம் சுழலும்போது கடகடவென்ற சத்தம் வந்து, எப்படியும் பேரிங் மாற்றவோ தாங்கியைப் பார்க்கவோ திறந்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், அதோடு சேர்த்துக் கழுவியும் வாங்கிக்கொள்ளலாம். வெறும் வாடைக்காக முதல் வேலையாகத் திறக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வருபவர் டிரம்மைத் தொடாமல், ஏதோ ஒரு திரவத்தை ஊற்றி ஒரு சுழற்சி ஓடவிட்டு அதையே ‘டீப் கிளீனிங்’ என்று சொல்லிப் பணம் கேட்டால், அது நாமே செய்துகொள்ளக்கூடிய வேலைக்குக் கொடுக்கும் கூலி.

புது மெஷின் வாங்கும் யோசனைக்கு வருவோம். ரப்பர் வளையத்துடன் இறுக மூடும் கதவு, குறைந்த தண்ணீர், வடிந்தபின் அடியில் தேங்கும் மிச்சம் ஆகிய மூன்றும் ஃப்ரண்ட் லோடைப் பூஞ்சைக்கு ஏற்ற இடமாக்குகின்றன என்பது உண்மைதான். அமெரிக்காவில் இதற்காக வழக்குகளே நடந்தன; வேர்ல்பூல் நிறுவனத்துக்கு எதிராக ஒஹையோவில் நடந்த விசாரணையில் 2014-இல் நடுவர்குழு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டாப் லோடில் மூடி இறுக மூடுவதில்லை, கதவு ரப்பர் மடிப்பும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை குறையும். ஆனால் சூடாக்கும் வசதி இல்லாத டாப் லோடை வாங்குபவர், வெளித்தொட்டியில் சேரும் அழுக்கைத் தீர்க்கும் நல்ல கருவியை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அந்த நன்மையைப் பெறுகிறார். தண்ணீரும் கூடுதலாகச் செலவாகும், லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது சிறிய விஷயம் அல்ல. செமி ஆட்டோமேட்டிக்கை யாரும் இப்போது பரிந்துரைப்பதில்லை என்றாலும், பூஞ்சை விஷயத்தில் அதற்கு ஒரு நல்ல மதிப்பெண் போடத்தான் வேண்டும்: துவைக்கும் தொட்டி திறந்தே கிடக்கிறது, வெந்நீரைத் தாராளமாக ஊற்றலாம், துவைத்ததும் வடித்துவிட்டுக் காயவிடலாம். பிழியும் பக்கத்தில் மட்டும் கூடைக்கு அடியில் அழுக்கு தங்கும். ஆனால் வேலைக்குப் போகிறவர் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்க முடியாதே. ஆக, வாடைக்காக மட்டுமே மெஷினை மாற்றுவது, பழக்கத்தை மாற்றாமல் பாத்திரத்தை மாற்றுவதாகிவிடும். ஓராண்டில் புதியதும் நாறும்.

உடல்நலத்தைப் பொறுத்தும் முடிவு கொஞ்சம் மாறும். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு மெஷின் பூஞ்சையால் பெரிய தீங்கு வருவது அரிது; அவர்களுக்கு இது பெரும்பாலும் மூக்குக்கான தொல்லைதான். ஜெர்மனியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 2012-க்கும் 2013-க்கும் இடையில் 13 பச்சிளங்குழந்தைகளிடமும் ஒரு குழந்தையிடமும் மருந்துகளுக்கு மசியாத கிளெப்சியெல்லா ஆக்சிடோகா பாக்டீரியா காணப்பட்டது. தேடிப்போனபோது, குழந்தைகளின் பின்னல் தொப்பியையும் காலுறையையும் துவைத்த வீட்டு உபயோக வகைச் சலவை இயந்திரத்தின் ரப்பர் வளையத்திலும் டிராயரிலும் அதே பாக்டீரியா இருந்தது. எந்தக் குழந்தைக்கும் நோய் முற்றவில்லை, மெஷினை அப்புறப்படுத்தியதும் பரவலும் நின்றது. பச்சிளங்குழந்தையோ, கீமோ சிகிச்சை பெறுபவரோ, ஆறாத புண் உள்ளவரோ வீட்டில் இருந்தால், அவர்களுடைய துணியையும் துண்டையும் 60 டிகிரியில் துவைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். டிராயரை வாரம் ஒருமுறை கழற்றித் தேய்க்க வேண்டும். மற்ற வீடுகளுக்கு, துண்டு, உள்ளாடை, கால்துடைப்பான் ஆகியவற்றை மட்டும் வாரம் ஒரு தடவை சூட்டில் துவைத்தால் போதும், மெஷினுக்கும் அதுவே ஒரு பராமரிப்பாகிவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் பழைய பழக்கம் தொடர்ந்தால் மூன்று மாதத்தில் மறுபடி ஆரம்பப் புள்ளிக்கே வந்துவிடுவோம். துணி எடுத்ததும் ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவையும் டிராயரையும் திறந்தே விட்டுவிட வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அந்தக் குழந்தை உள்ளே புகுந்துவிடாதபடி அறையைப் பூட்டிவிட்டுத் திறந்துவைக்க வேண்டும். இரவில் மெஷினைப் போட்டுவிட்டுக் காலையில் ஈரத்துணியை எடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். திரவச் சோப்பில் ஆக்ஸிஜன் பிளீச் இருக்காது என்பதால், வெள்ளைத் துணிக்காவது அது உள்ள பவுடரை மாற்றிப் போடலாம். நுரை அதிகம் வந்தால் நன்றாகத் துவைக்கிறது என்று நினைத்துக் கூடுதலாகப் போடும் சோப்புதான் தொட்டியில் பிசுக்காகப் படிகிறது. மணம் தரும் திரவம் வாடையை மறைக்கும், அதேசமயம் வாடையை உண்டாக்குபவற்றுக்கு ஒட்டிக்கொள்ள ஒரு பூச்சையும் கொடுக்கும். கீழ்மூலையில் உள்ள வடிகட்டிக் குடுவையை எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக ஒருவரும் திறந்ததில்லை என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதில் இருந்து வந்த தண்ணீரின் நாற்றம் ரப்பர் மடிப்பின் நாற்றத்தைவிட மோசமாக இருந்தது.

எங்கள் வீட்டில் கடைசியில் எடுத்த முடிவு இது. வடிகட்டியைத் திறந்து கழுவினோம். ரப்பர் மடிப்புக்குப் பிளீச்சில் நனைத்த துணியை வைத்துத் துடைத்தோம். இரண்டு நாள் கழித்து 100 கிராம் எலுமிச்சை உப்புப் போட்டு ஒரு சுழற்சியும், வெறும் தண்ணீரில் ஓர் அலசலும், அதற்கு அடுத்த நாள் 150 கிராம் பெர்கார்பனேட் போட்டு 60 டிகிரியில் ஒரு நீண்ட சுழற்சியும் ஓடவிட்டோம். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் தேநீர் நிறத்தில் தண்ணீர் சுழன்றது. பழுப்புத் துகள்கள் வடிகட்டியில் சிக்கின. பத்து நாள் கழித்து அதையே மறுபடி செய்தபோது தண்ணீர் ஏறக்குறைய தெளிந்திருந்தது. துணியில் வாடை இல்லை, பனியனும் வியர்த்தபின் நாறவில்லை. பொருள்களுக்கு ஆன செலவு முந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை. ரப்பரில் ஊறிய கருங்கறை மட்டும் போகவில்லை. அந்த வளையத்தை மாற்றலாமா என்று மெக்கானிக்கைக் கேட்டதற்கு, கிழியாதவரை மாற்ற வேண்டாம் என்றார். வரும் ஐப்பசியில் வாடை திரும்பினால் டிரம்மைக் கழற்றச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறோம், ஆனால் எங்கள் மாடலின் தொட்டி ஒட்டியதா, திருகியதா என்பதை அதற்குமுன் அவர் முதுகுப் பலகையைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.